கொடைக்கானல் டு கோடியக்கரை பறவை ட்ரிப்: 5க்கு 3, அதுல ரெண்டு அந்த தம்பிக்கு

மொதல்லயே சொல்லிடுறேன், இதை நடத்துன ஆளுங்க பேரை போட மாட்டேன். நானும் பெருமாள்மலையில மூணு ரூம் வச்சு ஹோம்ஸ்டே நடத்துறவதான், யாரோ கோவத்துல எழுதிட்டு போற நாலு வரி எத்தனை நாள் தூக்கத்தை கெடுக்கும்னு எனக்கு நல்லா தெரியும். ஆனா ஐப்பசியில கோடியக்கரைக்கு குரூப்பா பறவை பாக்க போகணும்னு நெனைக்கிறவங்க, அதுலயும் நம்ம மலைக்காரங்க, காசு கட்டுறதுக்கு முன்னாடி சில விஷயம் கேட்டுக்கட்டும்னுதான் எழுதுறேன்.

தலைக்கு 4,800 ரூபா. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ், சனிக்கிழமை வேதாரண்யத்துல லாட்ஜ், ஞாயித்துக்கிழமை ராத்திரி திரும்ப பஸ், சாப்பாடு, கைடு எல்லாம் சேத்து. நான், என் நாத்தனார், அவ பையன் (ஏழாவது படிக்கிறான், எங்க மூணு பேர்ல உண்மையான பறவைப் பைத்தியம் அவன்தான்) மூணு பேர் போனோம். மொத்தம் 26 பேரு. இந்த 26-ங்கிற நம்பரை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

எனக்கு பறவை பழக்கமே எங்க வீட்டுக்கு வர்ற கெஸ்ட்டுங்களால வந்தது. பெரிய பெரிய லென்ஸோட வருவாங்க, காலையில காபி கூட குடிக்காம பாம்பே சோலை பக்கம் ஓடிருவாங்க. ஒருத்தர் எங்க கொல்லைப் பக்கம் ராஸ்பெர்ரி புதர்ல கத்திக்கிட்டு கெடந்த குருவிய பாத்துட்டு அப்பிடியே கல்லு மாதிரி நின்னுட்டாரு. பழனி சிரிப்பானாம். பாலக்காட்டு கணவாய்க்கு தெக்க இருக்குற மலைங்கள்ல மட்டும்தான் இருக்காம், ஊட்டியில இருக்குறது வேற சிரிப்பானாம். இருவது வருஷமா "சனியன் காலங்காத்தால கத்துது"ன்னு நான் திட்டிக்கிட்டு இருந்த குருவி! அன்னைக்கு பிடிச்ச பைத்தியம்தான்.

ஆனா நம்ம ஊர்ல பறவை பாக்குறதுன்னா பாதி காதுலதான் பாக்குறது. சோலைக்குள்ள பத்தடி தள்ளி சோலைக்கிளி (பேருதான் கிளி, அது ஒரு சின்னக் குருவி) பாடும், பனி மூட்டம், இலை, இருட்டு, அரை மணி நேரம் அட்டைக்கு ரத்தம் குடுத்துக்கிட்டு நின்னாலும் வால் நுனி கூட தெரியாது, ஆனா சத்தத்தை வச்சு இன்னதுன்னு அடிச்சு சொல்லிடலாம். கடக்கரையில அது அப்படியே தலைகீழ். எல்லாம் கண்ணு முன்னாடி வெட்டவெளியில நிக்குது, ஆயிரக்கணக்குல நிக்குது, எது எதுன்னுதான் தெரியாது. இதை அந்த டூர்காரங்க புரிஞ்சுக்கவே இல்ல, என் புகார் எல்லாமே கடைசியில அங்கதான் போய் முட்டுது.

பஸ் கதைய சுருக்கமா சொல்லிடுறேன். 7 மணிக்கு மூஞ்சிக்கல்ல கிளம்பணும், கிளம்புனது 9:10. டம்டம் பாறை வளைவுல பின் சீட்டுக்காரங்க ரெண்டு பேர் வாந்தி, எலுமிச்சம்பழம் கூட யாரும் வச்சிருக்கல, மலையில டூர் நடத்துறவங்க! வத்தலக்குண்டு தாண்டுனதும் ஸ்வெட்டரை கழட்டுனோம், திருச்சி தாண்டுனதும் ஏசி வேலை செய்யலன்னு தெரிஞ்சிது. அப்புறம் விடிஞ்சப்புறம் தஞ்சாவூர்ல டிபனுக்குன்னு நிறுத்தி ஒண்ணே கால் மணி நேரம். எங்க கூட வந்த ரிட்டயர்டு ஹிஸ்டரி டீச்சரக்கா ஒருத்தங்க, "1930-ல ராஜாஜி திருச்சியில இருந்து வேதாரண்யத்துக்கு ஏப்ரல் வெயில்ல நடந்தே வந்தாரு, உப்பு எடுக்க, நீங்க ஏசி இல்லன்னு அழுவுறீங்க"ன்னு சொன்னாங்க. வெயில் நேரத்துல அதை கேக்க எரிச்சலாத்தான் இருந்துச்சு, ஆனா வேதாரண்யம் தாண்டி அகஸ்தியன்பள்ளியில அந்த உப்பு சத்தியாகிரக ஸ்தூபிய பாத்தப்போ எல்லாரும் கொஞ்சம் கப்சிப்னு ஆயிட்டோம்.

ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஓலைக்கீத்து வேஞ்ச கூரை வரிசையா இருக்கேன்னு நான் குடிசைன்னு நெனச்சேன். உப்பு அம்பாரமாம் அது. மழை வர்றதுக்கு முன்னாடி வாரிக் குவிச்சு பனையோலை போட்டு மூடி வச்சிருக்காங்க. நாங்க குளிருக்கு மூடுறோம், அவங்க மழைக்கு மூடுறாங்க.

உப்பளத்துக்கு போய் சேந்தப்போ மணி 10:40. இதுதான் மொதோ பெரிய தப்பு. அங்க வெயில் ஏறிட்டா தண்ணிக்கு மேல கானல் ஆடும், தூரத்துல இருக்குற பறவை எல்லாம் கொதிக்கிற எண்ணெயில பாக்குற மாதிரி நெளியும். எவ்ளோ விலைல ஸ்கோப் (ஸ்டாண்டுல வச்சு பாக்குற பெரிய தொலைநோக்கி) வச்சிருந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. விடியக்காலைல ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம், அவ்ளோதான் கணக்கு. இது கோடியக்கரைக்கு அம்பது ட்ரிப் கூட்டிட்டு வந்தேன்னு சொல்ற டூர் லீடருக்கு தெரியாதா?

ரெண்டாவது தப்பு, 26 பேருக்கு ஒரே ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப். ஒண்ணு! எங்க கையில இருந்ததெல்லாம் எட்டுக்கு நாப்பத்திரெண்டு (எட்டு மடங்கு பெருசா காட்டுற) பைனாகுலர், அது சோலைக்கு போதும், அங்க அரை கிலோமீட்டர் தள்ளி சேத்துல ஓடுற உள்ளங்கை சைஸ் குருவிய அதுல பாத்தா மொளகு தெளிச்ச மாதிரிதான் தெரியும். ஸ்கோப்புக்கு பின்னாடி ரேஷன் கடை மாதிரி க்யூ. என் முறை வந்தப்போ லீடர் "பாருங்க மேடம், பவளக்காலி"ன்னாரு, நான் பாத்தா வெறும் சேறு. பறந்துடுச்சாம். "அடுத்தவங்க வாங்க!" என் நாத்தனார் அன்னைக்கு மூணு தடவை க்யூல நின்னு மூணு தடவையும் சேறுதான் பாத்தா. "கோடியக்கரை சேறு நல்லா இருக்கு அண்ணி"ன்னு சொல்லிட்டு போய் பஸ்ல உக்காந்துக்கிட்டா.

பூநாரை விஷயம் தனியா. இவங்க அனுப்புன நோட்டீஸ்ல தண்ணி முழுக்க பிங்க் கலர்ல பூநாரை போட்டோ, "ஆயிரக்கணக்கில் கண்டு மகிழுங்கள்". நாங்க பாத்தது மொத நாள் ஒரு நாப்பது இருக்கும், அடிவானத்துல கோடு கிழிச்ச மாதிரி. பூநாரை வரலன்னு நான் கொறை சொல்லல, அது என்ன நாம வாடகைக்கு எடுத்த குதிரையா. பூநாரைக்கு முழங்கால் அளவு உப்புத்தண்ணி வேணும், தலைய கவுத்து வச்சு அலகால சேத்தை சலிச்சு சாப்பிடுற ஜென்மம் அது, அந்த சாப்பாட்டுல இருந்துதான் பிங்க் கலரே வருது. மழை எப்ப எவ்ளோ பெய்யுது, எங்க தண்ணி நிக்குது, அதை பொறுத்து எடம் மாறிக்கிட்டே இருக்கும். பெருங்கூட்டம் பாக்கணும்னா மார்கழி, தை பக்கம் போறதுதான் புத்திசாலித்தனம். ஐப்பசியில போறவங்க வேற ஒண்ணுக்காக போகணும்: வடக்க இருந்து வந்து எறங்குற சின்னச் சின்ன கரைப்பறவைங்க, காட்டு வழியா தெக்க போற குருவிங்க. அதை நோட்டீஸ்ல நேர்மையா போட்டிருந்தா எங்கள மாதிரி ஆளுங்க இன்னும் சந்தோஷமா வந்திருப்போம்.

சரி, இப்ப அந்த ரெண்டு மார்க்குக்கு வர்றேன்.

லோக்கல் கைடுன்னு ஒரு தம்பி. இருவத்தஞ்சு வயசு இருக்கும், கோடியக்கரை ஊர்க்காரரு, லுங்கி, கழுத்துல பழைய பைனாகுலர், அதுக்கு வார் கூட இல்ல, நைலான் கயிறு. மத்தியானம் வரைக்கும் லீடர் இவரை வாட்டர் கேன் தூக்கத்தான் வச்சிருந்தாரு. சாப்பிட்டு முடிச்சு புளியமரத்தடியில எல்லாரும் கண்ணசந்தப்போ என் மருமவன் மட்டும் போய் இவர்கிட்ட ஏதோ கேட்டுட்டு இருந்தான். திடீர்னு தம்பி, "அக்கா, கோட்டான் அக்கா, கோட்டான்!"னு கத்துறாரு. நாங்க ஏழெட்டு பேர் எந்திரிச்சு மரத்தை அண்ணாந்து பாக்குறோம். எங்க ஊர்ல கோட்டான்னா ஆந்தைங்க. அவரு சிரிச்சுக்கிட்டே "மேல இல்லக்கா, அந்தாண்ட, சேத்துல"ன்னு காட்டுறாரு. கோழி சைஸ்ல ஒரு பறவை, அருவாள் மாதிரி கீழ வளைஞ்ச அலகு, அதை முழுசா சேத்துக்குள்ள விட்டு நண்டை உருவி எடுக்குது. கரைப்பறவைங்க பேர்ல அதுக்கும் கோட்டான்னுதான் பேராம். டீச்சரக்கா இந்த ஒரு விஷயத்தை வச்சே மிச்ச ட்ரிப் முழுக்க எங்கள ஓட்டுனாங்க.

அப்புறம் அவரு சொன்னதுதான் எனக்கு கண்ணை தொறந்துச்சு. "அக்கா, இந்த மாசத்துல கலரை பாத்தீங்கன்னா தோத்துருவீங்க. அங்க குஞ்சு பொரிக்கிற எடத்துல செவப்பா இருக்கும், இங்க வந்து இறகு மாத்தி எல்லாம் சாம்பலாயிடும். நடைய பாருங்க." நடைய பாருன்னா? உப்புக்கொத்தி நாலடி ஓடும், சடார்னு நிக்கும், பாக்கும், ஒரு கொத்து, திரும்ப ஓடும், யாரோ பிரேக் அடிச்ச மாதிரி. கொசு உள்ளான் நிக்கவே நிக்காது, தலைய குனிஞ்சுக்கிட்டே டக்டக்டக்டக்னு தையல் மெஷின் மாதிரி சேத்தை தைச்சுக்கிட்டே போகும். வளைமூக்கு உள்ளான் வயித்தளவு தண்ணியில நின்னு ஆழமா குத்தும். பச்சைக்காலி மீன் தொரத்தி தண்ணிக்குள்ள ஓடும், தொரத்துறப்போ பாத்தா குடிச்சவன் மாதிரி அங்கயும் இங்கயும். இதை அவரு வாயால சொல்லல, லுங்கிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வரப்பு மேல ஓடி நடிச்சே காட்டுனாரு. பத்து நிமிஷத்துல என் பைனாகுலர்லயே, அந்த மொளகுத் தூள் மாதிரி தெரிஞ்சதுலயே, எது உப்புக்கொத்தி எது உள்ளான்னு பிரிக்க முடிஞ்சுது. நம்ம மலையில சத்தம், இங்க நடை. காலையில இருந்து ஸ்கோப் க்யூல நின்னு கிடைக்காதது!

ஞாயித்துக்கிழமை லீடர் "8 மணிக்கு டிபன், 9 மணிக்கு கிளம்புறோம்"னாரு. எங்களுக்கு வயித்தெரிச்சல். தம்பிகிட்ட கேட்டோம், ஆளுக்கு 200 ரூபா தனியா தர்றோம், காலைல கூட்டிட்டு போறியான்னு. ஒன்பது பேர் ரெண்டு ஆட்டோல 5 மணிக்கே கிளம்பிட்டோம். ஸ்கோப்பையும் லீடர்கிட்ட கெஞ்சி வாங்கிட்டோம், அதுக்கு அவருக்கு நன்றி, அவரு தூக்கக் கலக்கத்துல குடுத்துட்டாரு.

மொதல்ல காடு. கோடியக்கரை காடுன்னா நம்ம சோலை மாதிரி ஓங்கி வளந்து பாசி தொங்குற காடு இல்ல, மணல்ல வளந்த குட்டைக் காடு, ஆனா எந்த வெயிலுக்கும் பச்சை மாறாது. செக்போஸ்ட் தாண்டி கொஞ்ச தூரத்துல, இன்னும் சரியா வெளிச்சம் வரல, ரெண்டு சுருதியில ஒரு விசில். என் மருமவன் கைய புடிச்சு இழுத்தான். "அத்தை, ஆறுமணிக்குருவி."

இந்த குருவிக்கும் எனக்கும் ஒரு கணக்கு இருக்கு. நாலு வருஷம் முன்னாடி இதே ஐப்பசியில ராத்திரி மழையில எங்க ஹோம்ஸ்டே ஜன்னல் கண்ணாடியில ஏதோ மோதுன சத்தம். போய் பாத்தா பச்சை, நீலம், வயித்துக்கு கீழ செவப்பு, கண்ணுக்கு கருப்புப் பட்டை, பொம்மை மாதிரி ஒண்ணு மயங்கிக் கெடக்கு. ஷூ பெட்டியில துணி போட்டு வச்சு, காலைல தொறந்தேன், கைய விட்டு எந்திரிச்சு நேரா கீழ பள்ளத்தாக்கு பக்கம் போயிடுச்சு. வடக்க மழைக்காலத்துல குஞ்சு பொரிச்சுட்டு இந்த மாசங்கள்ல தெக்க வர்ற பறவை, ராத்திரியில பறக்குமாம். அன்னைக்கு எங்க போகுதுன்னு தெரியாம அனுப்புனேன். இங்க அது சருகை கிளறி புழு எடுத்துக்கிட்டு, நாங்க ஒன்பது பேர் மூச்சு விடாம நிக்கிறது தெரிஞ்சும் கண்டுக்காம, குட்டை வாலை ஆட்டிக்கிட்டு நடந்துச்சு. அஞ்சு நிமிஷம் இருக்கும். யாருமே போட்டோ எடுக்கல, வெளிச்சமும் இல்லன்னு வைங்க.

அப்புறம் புல்வெளி. வெளிமான் ஒரு பதினஞ்சு, அதுல ஒரு கிடா கன்னங்கரேல்னு, கொம்பு திருகாணி மாதிரி. 1967-ல சரணாலயமா ஆக்குனதே முக்கியமா இந்த மானுக்காகத்தான். சொந்தக்காரன் இல்லாம திரியிற மட்டக்குதிரைங்களும் அங்கயே மேயுது. புல்லுக்குள்ள சீமைக்கருவேல் ஏறி வந்துக்கிட்டே இருக்கு, அதை வெட்டிக்கிட்டே இருக்காங்களாம். எனக்கு பழக்கப்பட்ட கதை, நம்ம மலையில புல்வெளிய வாட்டிலும் பைனும் யூகலிப்டஸும் முழுங்குன மாதிரி. தம்பி தலை முறிஞ்ச மரம் சிலதை காட்டி "கஜா"ன்னாரு. 2018 நவம்பர் 16. நான் சொன்னேன், தம்பி, அதே புயல் அன்னைக்கே எங்க மலைக்கும் வந்துச்சு, மரமெல்லாம் ரோட்டுல, கரண்ட் இல்ல, பால் இல்லன்னு. அவருக்கு அது தெரியாது. "கொடைக்கானலுக்கா? அம்மாந்தூரமா?"ன்னு நம்பாம கேட்டாரு. அவங்க வீட்டுக் கூரை போன நாளும் எங்க வீட்டு பேரிக்கா மரம் விழுந்த நாளும் ஒண்ணு.

7 மணிக்கு உப்பளம். சூரியன் முதுகுக்கு பின்னாடி, காத்து இல்ல, கானல் இல்ல, ஒன்பது பேருக்கு ஒரு ஸ்கோப். என் முறையில நான் முழுசா ரெண்டு நிமிஷம் பாத்தேங்க. கொசு உள்ளான், ஈரச் சேத்துல அதோட நிழலும் சேந்து ஓடுது, கருப்புக் கால் குச்சி மாதிரி, ஒவ்வொரு குத்துக்கும் அலகு நுனியில சேறு ஒரு சொட்டு ஒட்டி விழுது. முப்பது கிராம் கூட வராது, ரெண்டு எலுமிச்சம்பழ வெயிட்டு கூட இல்ல, ஆர்க்டிக் பக்கத்துல இருந்து வந்திருக்கு. பக்கத்துலயே ஒரு பவளக்காலி கால்ல பளபளன்னு வளையம். யாரோ எங்கயோ பிடிச்சு, எங்க போகுதுன்னு தெரிஞ்சுக்க நம்பரோட போட்டு விட்டது. நம்பர் படிக்க முடியல, எவ்ளோ பாத்தும் அது திரும்பவே இல்ல. கோடியக்கரையில பறவை அறிஞர் சலீம் அலி காலத்துல இருந்தே பறவைக்கு வளையம் போடுற வேலை நடந்திருக்கு, தம்பியோட சித்தப்பா அந்த ஆளுங்களுக்கு வலை தூக்கிட்டு போனவராம். பறவை கழுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவுல வர்ற மாதிரி, உடம்பை உள்ளங்கை தாங்குற மாதிரி எப்படி புடிக்கணும்னு என் மருமவன் கையில அவனோட பேனாவை வச்சே சொல்லிக் குடுத்தாரு. பய இப்ப வீட்ல கோழிக்குஞ்சை எல்லாம் அப்படித்தான் புடிக்கிறான்.

அந்த ரெண்டரை மணி நேரத்துல 43 வகை. மொத நாள் பூரா எங்க கணக்கு 19. கரண்டிவாயன், கூழைக்கடா, ஊசிவால் வாத்து, ஆலாவுல நாலு வகை, மீன் தூக்கிட்டு போன விரால் அடிப்பான், பூநாரை கூட அறுவத்தி சொச்சம், இந்த தடவை கோடு இல்ல, பறவை.

மிச்ச விஷயம் வேகமா. லாட்ஜ் சுத்தம், பாத்ரூம்ல தண்ணி லேசா உப்புக் கரிக்கும், அது யார் தப்பும் இல்ல. சாப்பாடு நல்லா இருந்துச்சு, மீன் குழம்புக்கு தனியா அரை மார்க் குடுக்கலாம். கொசு பயங்கரம், நம்ம ஊர்ல கொசுவே பாக்காத கையை கண்டதும் அதுங்களுக்கு தீபாவளி. ஆனா ஒரு விஷயம் மன்னிக்கவே முடியாது: பொம்பளைங்க பதினோரு பேர் இருக்கோம், உப்பளத்துல மரம் மட்டை இல்லாத வெட்டவெளி, பாத்ரூமுக்கு என்ன ஏற்பாடுன்னு கேட்டா லீடர் "அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க மேடம்"ங்கிறாரு. எதை அட்ஜஸ்ட் பண்றது? அதுக்கு பயந்தே நாலு பேர் தண்ணி குடிக்காம இருந்து ஒருத்தங்களுக்கு தலை சுத்திடுச்சு. தம்பிதான் பக்கத்துல தெரிஞ்சவங்க வீட்டுக்கு கூட்டிட்டு போனாரு. அந்த வீட்டு அம்மா எங்களுக்கு மோர் வேற குடுத்தாங்க.

யாராவது இப்படி ட்ரிப் போறதா இருந்தா, எத்தனை பேருக்கு எத்தனை ஸ்கோப்னு கேளுங்க, எட்டு பேருக்கு ஒண்ணு இல்லன்னா வேணாம். வேதாரண்யத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே போய் படுக்குற மாதிரி பிளான் இருக்கான்னு கேளுங்க, ராத்திரி பஸ்ல போய் நேரா உப்பளத்துல எறங்குறது ஆகாத காரியம். பாத்ரூம் கேளுங்க, வெக்கப்படாதீங்க. ஸ்வெட்டரை வத்தலக்குண்டு வரைக்கும் போதும்னு எடுத்துக்கங்க, குடையும் தொப்பியும் ரெண்டும் வேணும், சேத்துக்கு பழைய ஷூ. நான் புது ஷூ போட்டுட்டு போய் இடது கால் ஷூவை கோடியக்கரைக்கே எழுதி வச்சிட்டு வந்தேன்.

போன வாரம் லீடர் போன் பண்ணாரு, தை மாசம் ஸ்பெஷல் பூநாரை ட்ரிப், 5,500, உங்களுக்கு மட்டும் 300 கம்மின்னாரு. எத்தனை ஸ்கோப் சார்னு கேட்டேன். "அதெல்லாம் பாத்துக்கலாம் மேடம்"னாரு. தம்பி நம்பர் என்கிட்ட இருக்கு. நாங்க மூணு வீட்டுக்காரங்க சேந்து வத்தலக்குண்டுல பஸ் மாறி போறதா இருக்கோம். டீச்சரக்கா மட்டும் அவங்களோட பைனாகுலர்ல ஒண்ணை தம்பிக்கு குடுக்கப் போறாங்களாம், வாரோட.